நைரோபி–லாகோஸ் ஆகாய வழி: தூரமும் நேரமும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் கீழ்த்திசையில் உள்ளது கென்யா நாடு. அதன் தலைநகர் நைரோபி. அக்கண்டத்தின் மேற்றிசையில், கினியா வளைகுடாவின் ஓரத்தில், நைஜீரியா நாட்டின் பெருந்துறைமுக நகரமாகிய லாகோஸ் உள்ளது. இவ்விரு நகரங்களுக்கிடையே ஆகாய விமானத்தில் போய்த் திரும்பும் வியாபாரி ஒருவரின் பிரயாணச் சீட்டை நாம் வாங்கிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். போகும்போது நைரோபியில் காலை 8 மணிக்குப் புறப்பட்டு லாகோஸில் காலை 11 மணிக்கு இறங்குவதாக அதில் கண்டிருக்கிறது. திரும்பும்போது லாகோஸில் பகல் 12 மணிக்குப் புறப்பட்டு நைரோபியில் மாலை 7 மணிக்கு இறங்குவதாகக் கண்டிருக்கிறது. போவதற்கு 3 மணி நேரம். வருவதற்கு 7 மணி நேரம்! வழி ஒன்றே, விமானமும் ஒன்றே. அவ்வாறாயின் வரும்போது மட்டும் 4 மணி நேரம் எங்கே போயிற்று?

புறப்படும் நேரங்கள் நாம் உதாரணத்திற்காக எடுத்துக்கொண்டவை. கம்பெனிகளின் கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். ஆயினும் 3 என்றும் 7 என்றும் தோன்றும் இந்த வேறுபாடு எந்தக் கால அட்டவணையிலும் ஏறத்தாழ இப்படியேதான் இருக்கும். இதை அவிழ்த்துப் பார்ப்பதே இன்றைய பாடம்.

தறியிலும் வயலிலும் பாடுபடும் அங்கத்தினர்களுக்கு ஆப்பிரிக்க விமான வழியைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். சரக்கு எங்கே உற்பத்தியாகிறது, எங்கே விலை போகிறது என்னும் இரண்டை மட்டும் அறிந்தால் வியாபாரம் தெரிந்துவிடாது. இடையிலுள்ள தூரம் எவ்வளவு, அதைக் கடக்கும் நேரம் எவ்வளவு, அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார் என்பவற்றையும் அறிய வேண்டும். தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்று நாம் எண்ணுகிறோம். அவை எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கக்கூடும் என்பதை இவ்வழியைப் போல் தெளிவாகக் காட்டும் உதாரணங்கள் சிலவே.

இரண்டு நிலையங்கள்

நைரோபியின் விமான நிலையம் நகரின் தென்கிழக்கே எம்பகாசி என்னும் சமவெளியில் அமைந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைப்படுத்தப்பட்ட கென்யர்களின் உழைப்பைக் கொண்டு அது கட்டப்பட்டு 1958-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுதந்திரக் கென்யாவின் முதல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா 1978-இல் காலமானபின் அவர் பெயரைத் தாங்கியது. அவரும் அந்நெருக்கடிக் காலத்தில் சிறையிலிருந்தவரே என்பதை நினைத்தால் அப்பெயர் பொருத்தமானதே. லாகோஸின் நிலையம் இகேஜா என்னும் பகுதியில் உள்ளது. 1976-இல் கொலையுண்ட நாட்டுத் தலைவர் முர்தலா முகம்மதின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் சர்வதேசக் கட்டடம் 1979-இல் திறக்கப்பட்டது.

நைரோபி நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 1,624 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாகோஸ் நிலையமோ 41 மீட்டர் உயரத்தில், கடலோரச் சமநிலத்தில் கிடக்கிறது. இந்த உயர வேறுபாட்டுக்குப் பின்னர் வேலை உண்டு.

தூரத்தைக் கணக்கிடும் வகை

பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அவ்விரண்டிலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்நூல் படியும் வழியே. விமான ஓட்டிகள் கூடியவரை அவ்வழியையே நாடுவர். அதன் நீளத்தை அளக்க ஓர் எளிய சாதனம் உண்டு. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகைகளாகப் பகுத்தால் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர் வரும். கப்பலோட்டிகளும் விமான ஓட்டிகளும் கையாளும் கடல் மைல் என்னும் அளவும் இதிலிருந்து பிறந்ததே. ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு ஒரு கடல் மைல். அது 1,852 மீட்டர்.

இனிக் கணக்கைப் போடுவோம். நைரோபி நிலையம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 1.3 பாகையில் உள்ளது. லாகோஸ் நிலையம் வடக்கே 6.6 பாகையில் உள்ளது. ஆகவே வடக்கு தெற்காக இடைவெளி 7.9 பாகை. நைரோபியின் தீர்க்க ரேகை கிழக்கே 36.9 பாகை, லாகோஸின் தீர்க்க ரேகை கிழக்கே 3.3 பாகை. கிழக்கு மேற்காக இடைவெளி 33.6 பாகை. இவற்றை 111-ஆல் பெருக்கினால் வடக்கு தெற்காக 877 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக 3,730 கிலோமீட்டரும் கிடைக்கும். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைக் காணும் முறை பள்ளிக்கூடத்தில் படித்ததே. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டி, மூலம் கண்டால் 3,832 வருகிறது. உருண்டைக்குரிய நுட்பமான கணிதத்தைக் கொண்டு செய்தாலும் விடை ஏறக்குறைய 3,830 கிலோமீட்டரே. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர்தான் என்பதைக் கருதினால், ஆப்பிரிக்காவின் அகலம் நமக்கு விளங்கும்.

இந்த எளிய முறை இங்கே இவ்வளவு செம்மையாகப் பலித்ததற்குக் காரணம் இரு நகரங்களும் பூமத்திய ரேகையை ஒட்டியிருப்பதே. தீர்க்க ரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கிக்கொண்டே போகின்றன. காஷ்மீரின் அட்சரேகையில் ஒரு பாகை 92 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அங்கே 111-ஆல் பெருக்குபவர் ஏமாந்து போவார். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நூலை வைத்து அளப்பவரும் அவ்வாறே ஏமாறுவார். பல பள்ளிகளில் உள்ள படங்களில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்காவின் பருமனுக்குத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்காவின் பரப்பு அதைப்போல் 14 மடங்கு.

தூரத்திலிருந்து நேரம்

இக்காலத்துப் பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 840 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 3,830-ஐ 840-ஆல் வகுத்தால் 4 மணி 34 நிமிஷம் ஆகிறது. ஆனால் விமானம் புறப்பட்ட கணமே அவ்வேகத்தை எய்துவதில்லை. கட்டடத்தைவிட்டு ஊர்ந்து ஓடுபாதைக்குச் செல்ல வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. இறங்கியபின் மறுபடி ஊர வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் கூட்டுவது நடைமுறைக்கு ஒத்த வழக்கம். ஆக மொத்தம் 5 மணி நேரம், சற்றே முன்பின்னாக. கால அட்டவணையும் இதையே ஒட்டி வரும். குறுகிய பிரயாணங்களில் இந்த அரை மணி பெரும் பங்காகிவிடும். ஆகையால் தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்று கொள்ளலாகாது.

இனி உயரத்தின் விஷயம். விமானத்தின் இறக்கைகளைத் தாங்குவது காற்று. இயந்திரத்துக்கு ஊட்டமும் காற்றே. 1,624 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது. நடுப்பகல் வெயிலில் இன்னும் மெல்லியதாகும். ஆதலின் நைரோபியில் பாரமேற்றிய விமானம் மேலெழுவதற்கு நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கிறது. அங்குள்ள ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருப்பது வீண் ஆடம்பரமன்று. அதே விமானம் இரவின் குளிர்ச்சியில் அதிகப் பாரத்துடன் எழக்கூடும். சரக்கு அனுப்புவோருக்கு இது பணமாக எண்ணத்தக்க செய்தி.

மேலெழுந்த விமானம் விக்டோரியா ஏரிப் பக்கமாக மேற்கே திரும்பி, உகாண்டாவைக் கடந்து, காங்கோப் பெருங்காட்டின் மீது நெடுநேரம் பறக்கிறது. அக்காட்டின் மீது பிற்பகலில் எழும் இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே ஓங்கி நிற்பதுண்டு. அவற்றைச் சுற்றிப் போக நேர்ந்தால் சில நிமிஷங்கள் கூடும். எதிரெதிரே வரும் விமானங்கள் மோதாதிருக்க ஓர் ஏற்பாடு உண்டு. கிழக்கு நோக்கிச் செல்பவை 35,000 அடி, 37,000 அடி என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிச் செல்பவை 36,000 அடி, 38,000 அடி என இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்க வேண்டும். நம் வியாபாரி போகும்போதும் வரும்போதும் ஒரே உயரத்தில் பறப்பதில்லை.

காங்கோவுக்குப் பின் காமரூன். அதன்பின் நைஜீரியாவின் தென்பகுதி. அப்போது இடப்பக்கமாக, தெற்கே, நைஜர் நதியின் கழிமுகம் விரிந்து கிடக்கிறது. அங்கே வாழும் கலபாரி மக்களின் பெயரை நம் நெசவாளர்கள் அறிந்திருத்தல் நலம். பழைய சென்னை மாகாணத்துக் கைத்தறிகளில் நெய்து, 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற வியாபாரப் பெயருடன் கப்பலேறிய கட்டம் போட்ட துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்று அழைத்து, தம் குடும்பச் சடங்குகளில் பெருமதிப்புடன் உடுத்தினர். அதோடு நில்லாமல் அப்பெண்கள் கூரிய அலகினால் துணியின் இழைகளைத் தேர்ந்தெடுத்து அறுத்து நீக்கி, புதிய உருவங்களை அதில் தோற்றுவித்தனர். 'பெலேத்தே பித்தே' என்பது அத்துணியின் பெயர்; அறுத்த துணி என்று பொருள். ஒரு கையால் கோத்த இழையை மற்றொரு கண்டத்துக் கை எடுத்துவிட்டு அழகு செய்வது நாம் அறிந்தவரை வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று. கணக்குப் பாடத்தின் நடுவே இது வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே நம் கருத்து.

கடிகாரத்தின் புதிர்

வானத்தில் கழிந்த நேரம் 5 மணி என்றால் சீட்டில் 3 என்றும் 7 என்றும் வருவானேன்? சீட்டில் அச்சிடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் கடிகார நேரம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 பாகை. நைரோபிக்கும் லாகோஸுக்கும் இடையிலுள்ள 33.6 பாகைக்குச் சூரியன் எடுத்துக்கொள்ளும் நேரம் 2 மணி 14 நிமிஷம். நிமிஷக் கணக்கை விட்டு, கென்யா கிரீன்விச் நேரத்துக்கு 3 மணி முன்னும், நைஜீரியா 1 மணி முன்னும் தங்கள் கடிகாரங்களை வைத்துக்கொண்டுள்ளன. வேறுபாடு 2 மணி.

ஆகவே நைரோபியில் 8 மணிக்குப் புறப்பட்டவர் 5 மணி நேரம் பறந்து இறங்கும்போது நைரோபியில் பகல் 1 மணி; லாகோஸிலோ காலை 11 மணிதான். திரும்புகையில் லாகோஸில் 12 மணிக்குப் புறப்படும்போதே நைரோபியில் 2 மணி ஆகிவிட்டது. அதனோடு 5-ஐக் கூட்ட மாலை 7 மணி. காணாமற்போன 4 மணி நேரம் எங்கும் போகவில்லை. போகும்போது கடிகாரம் 2 மணி நேரத்தைக் கடனாகக் கொடுத்தது. வரும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மேலும் 2 மணி நேரம் மறைத்ததாகக் கண்ணுக்குத் தோன்றிற்று.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. சீட்டில் தோன்றும் இரண்டு நேரங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் உண்மைப் பிரயாண நேரம் வரும்: 3-உம் 7-உம் 10, பாதி 5. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் கடிகார வேறுபாடு வரும்: 7-இல் 3 போக 4; பாதி 2. உலகப் படமே இல்லாமல் சீட்டைக் கொண்டே இவ்விரண்டையும் அறியலாம். வடக்கே குளிர்நாடுகளின் மீது பலத்த மேல்காற்று வீசுவதால் கிழக்கே போகும் விமானம் விரைந்தும் மேற்கே போவது தாமதித்தும் செல்லும்; அங்கே இக்கணக்கு சற்றுப் பிசகும். பூமத்திய ரேகைப் பக்கத்தில் அத்தகைய காற்று வலுக் குறைந்தது.

நேர்வழியும் சுற்றுவழியும்

இதுவரை பூமி தந்த தூரத்தைப் பார்த்தோம். மனிதர் ஏற்படுத்தும் தூரம் வேறு.

நைரோபிக்கும் லாகோஸுக்கும் இடையே 1977-இல் தோன்றிய கென்யா ஏர்வேஸ் கம்பெனி நேர் விமானம் நடத்தி வருகிறது. ஆனால் அதில் இடமில்லையென்றாலும், அன்றைக்கு அது இல்லையென்றாலும், சீட்டு விலை எட்டாததென்றாலும் பிரயாணி வேறு வழி தேட வேண்டும். எத்தியோப்பியத் தலைநகரான அடிஸ் அபாபா வழியாகச் சென்றால் 1,160-உம் 3,920-உம் ஆக 5,080 கிலோமீட்டர். துபாய் வழியாகச் சென்றால் 3,560-உம் 5,890-உம் ஆக 9,450 கிலோமீட்டர். லண்டன் வழியாகச் சென்றால் 6,840-உம் 5,000-உம் ஆக 11,840 கிலோமீட்டர். நேர்வழியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மேற்கூறிய முறைப்படி கணக்கிட்டால் வானத்தில் மட்டுமே ஏறக்குறைய 15 மணி நேரம் கழியும். இடையில் காத்திருப்பது வேறு. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி, ஆற்றைக் கடந்து, அக்கரை வழியாகத் திரும்பி வருவதை இது ஒக்கும்.

இச்சுற்று நேற்றுத் தோன்றியதன்று. ஆப்பிரிக்காவில் முதல் விமான வழிகளை வகுத்தவை ஐரோப்பிய அரசுகள். தத்தம் தலைநகரைத் தத்தம் குடியேற்ற நாடுகளுடன் இணைப்பதே அவற்றின் நோக்கம். பிரிட்டிஷ் இம்பீரியல் ஏர்வேஸ் 1932-இல் லண்டனிலிருந்து கேப் டவுன் வரை வழி திறந்தபோது அது நைல் நதியை ஒட்டித் தெற்கே இறங்கியது. 1936-இல் சூடானின் கார்த்தூமிலிருந்து ஒரு கிளை மேற்கே கானோவுக்கும், பின் லாகோஸுக்கும் சென்றது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருப்பவர் லாகோஸ் செல்ல வடக்கே சூடான் வரை ஏறி, மீண்டும் இறங்க வேண்டும். கிழக்கையும் மேற்கையும் நேரே இணைப்பது அன்றைய அரசுகளுக்கு வேண்டியதாக இருக்கவில்லை. தரைவழியும் அப்படியே: லாகோஸையும் கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்தையும் இணைக்க வகுத்த கண்டப் பெருவழி 6,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது, அதன் காங்கோப் பகுதி முழுமையான பாதையாக உருப்பெறவில்லை.

சுதந்திரம் வந்தபின்னும் வானம் திறந்துவிடவில்லை. 1944-இல் சிகாகோவில் கூடிய நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் தன் ஆகாயத்தின் மீது முழு உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டன. ஆகையால் எந்தக் கம்பெனி, வாரத்தில் எத்தனை முறை, எந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதை இரண்டிரண்டு அரசுகளாக உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் அரசும் தன் கம்பெனியைக் காப்பாற்ற மற்றவரைத் தடுத்தது. காப்பாற்றப்பட்ட கம்பெனிகள் பலவும் நிலைக்கவில்லை; நைஜீரியா ஏர்வேஸ் 2003-இல் மூடப்பட்டது. இத்தடைகளைத் தளர்த்த ஆப்பிரிக்க நாடுகள் 1999-இல் யாமூசூக்ரோ தீர்மானத்தைச் செய்தன. 2018 ஜனவரியில் 23 நாடுகள் ஒரே ஆகாயச் சந்தை என்னும் ஏற்பாட்டில் சேர்ந்தன. கென்யாவும் நைஜீரியாவும் அவற்றுள் அடங்கும். கையொப்பமிட்டது முழுவதும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. இருபது வருஷத்துக்கு மேலான இத்தாமதத்தை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை. அதன் செலவைச் சீட்டு வாங்குபவரும் சரக்கு அனுப்புபவரும் நாள்தோறும் செலுத்தி வந்திருக்கின்றனர்.

வழி இருந்தும் பணத்தால் அடைபடுவதுண்டு. நைஜீரியாவில் சீட்டு விற்ற பணத்தை, அந்நியச் செலாவணி முடையால், தன் நாட்டுக்குக் கொண்டுபோக முடியாமற்போகவே, துபாயின் எமிரேட்ஸ் கம்பெனி 2022-இல் அந்நாட்டுக்குப் பறப்பதை நிறுத்திவிட்டது. 2024 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் துபாய்க்கும் லாகோஸுக்கும் உள்ள 5,890 கிலோமீட்டர் ஓர் அங்குலமும் மாறவில்லை. அக்கம்பெனியின் பிரயாணிகளுக்கோ அவ்வழி இல்லாமலே போயிற்று.

விளைவிப்போர் இதை ஒரு பூச்செண்டைக் கொண்டு சிந்தித்துப் பார்க்கலாம். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் பறிக்கும் ரோஜா, குளிர்ப் பெட்டியில் நைரோபி வந்து, இரவு விமானமேறி, 6,680 கிலோமீட்டர் கடந்து ஆம்ஸ்டர்டாம் சேர்கிறது. அங்குள்ள ஆல்ஸ்மேர் ஏலக்கூடம் பூ விளைவிப்போரே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஸ்தாபனம். லாகோஸ் அதைவிட 2,850 கிலோமீட்டர் அருகே இருக்கிறது. ஆயினும் பூ வடக்கே போகிறது. வாங்குவோர் கூட்டமும், தவறாது புறப்படும் சரக்கு விமானமும் அத்திசையில் உள்ளன. வாரத்தில் 3 நாள் மட்டுமே விமானமுள்ள வழியில் ஒரு நாளைத் தவறவிட்ட சரக்கு 2 நாள் காத்துக் கிடக்கும். அதன்முன் 5 மணி நேரப் பறப்பு என்ன பெரிது? சரக்கைப் பல மணி முன்னதாகவே ஒப்படைக்க வேண்டும், சுங்கப் பரிசோதனைக்கும் நேரம் விட வேண்டும் என்பனவற்றையும் சேர்த்துக்கொள்க. ஆகவே ஒரு வழியை விசாரிக்கும் அங்கத்தினர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், வாரத்தில் எத்தனை முறை என்று கேட்பது நல்லது.

பயிற்சி

வாசகசாலைகளில் கூடிப் படிக்கும் அங்கத்தினர்கள் பின்வரும் கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். அடிஸ் அபாபாவின் போலே விமான நிலையம் வடக்கே 9 பாகையில், கிழக்கே 38.8 பாகையில் உள்ளது. நைரோபியின் இடம் மேலே கண்டது. தூரம் எவ்வளவு? நேர் விமானத்தில் நேரம் எவ்வளவு? தூரம் ஏறக்குறைய 1,160 கிலோமீட்டரும், ஊர்தல், ஏறல், இறங்கல் உட்பட ஏறக்குறைய 2 மணி நேரமும் வந்தால் கணக்குச் சரி.

இரு நகரங்களும் கிரீன்விச்சுக்கு 3 மணி முன்னிருப்பதால் சீட்டில் கடிகார வேறுபாடு தோன்றாது. ஆனால் ஊராரிடம் நேரம் கேட்பவர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எத்தியோப்பியர் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவர். நமது காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. சுவாஹிலி மொழி பேசும் கென்யரும் அவ்வாறே சொல்வர். சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது வியப்பாயிராது. விமானக் கம்பெனியின் சீட்டில் மட்டும் நள்ளிரவிலிருந்து எண்ணும் மணியே இருக்கும். அடிஸ் அபாபாவில் விமானம் 2 மணிக்கு என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னால், அது பிற்பகல் 2 மணியா, காலை 8 மணியா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே மூட்டையைக் கட்ட வேண்டும்.